சீருடையைக் கழற்றிவிட்டு ஊருக்குத் திரும்பிய கடற்படை அதிகாரி



அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 2024 டிசம்பர் 29ஆம் திகதி தனது நூறாவது வயதில் காலமானார். நம்மில் மூத்தவர்களுக்கு அவரைக் கேம்ப் டேவிட் ஒப்பந்தத்தோடும், 444 நாட்கள் நீடித்த ஈரான் பணயக் கைதிகள் விவகாரத்தோடும் சேர்த்துத்தான் ஞாபகம் இருக்கும். இளையவர்களுக்குப் பெயர் மட்டும் தெரியும்.

அவர் ஜனாதிபதியாக இருந்தது நான்கே வருடங்கள். நூறு வருட வாழ்க்கையில் மீதியை அவர் எப்படிச் செலவழித்தார் என்பதுதான் என்னை யோசிக்க வைத்தது. ஊர், சங்கம், பள்ளி நிர்வாகம், பாடசாலை அபிவிருத்திக் குழு, சமூக சேவை என்று நாம் அன்றாடம் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த விடயங்களிலேயே வளர்ந்து, அவற்றிலேயே முடிந்த ஒரு மனிதரின் கதை இது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

கார்ட்டர் 1924 ஒக்டோபர் 1ஆம் திகதி ஜோர்ஜியா மாநிலத்தின் பிளெய்ன்ஸ் என்ற ஊரில் பிறந்தார். ஊர் என்றால் அறுநூறு, எழுநூறு பேர் வாழ்ந்த சின்னஞ்சிறு இடம். வளர்ந்தது அதற்கும் சற்றுத் தள்ளியிருந்த ஆர்ச்சரி என்ற கிராமத்தில். அயலவர்களில் பெரும்பாலானோர் கறுப்பினத்தவர். வீட்டில் மின்சாரம் இல்லை. தந்தை ஏர்ல் கச்சான் பயிரிட்டார், கடையும் வைத்திருந்தார். தாய் லில்லியன் ஒரு தாதி. அந்த அம்மையார் பிற்காலத்தில், 68 வயதில், அமைதிப் படைத் தொண்டராக இந்தியாவுக்கு வந்து மும்பைக்கு அருகே விக்ரோலியில் பணிபுரிந்தார் என்பது நம்மில் பலர் அறியாத தகவல்.

சிறு வயதிலிருந்தே கார்ட்டருக்குக் கடற்படை என்றால் உயிர். 1943இல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து 1946இல் அதிகாரியாக வெளியேறினார். அதே வருடம் தன் ஊர்ப் பெண்ணான ரொசலினை மணமுடித்தார். பின்னர் நீர்மூழ்கிக் கப்பல் பிரிவைத் தெரிவு செய்தார். அமெரிக்காவின் அணுசக்தி நீர்மூழ்கித் திட்டத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஹைமன் ரிக்கோவர் அவரை நேர்காணல் செய்தார். கல்லூரியில் உன்னால் முடிந்த அளவுக்கு உழைத்தாயா என்று ரிக்கோவர் கேட்டார். எப்போதும் அப்படி உழைக்கவில்லை என்று கார்ட்டர் உண்மையைச் சொன்னார். ஏன் உழைக்கவில்லை என்று ரிக்கோவர் திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவில்லை. ஆனாலும் ரிக்கோவர் அவரைச் சேர்த்துக்கொண்டார்.

1952 டிசம்பரில் கனடாவின் சோக் ரிவர் என்ற இடத்தில் இருந்த அணு உலையொன்றில் விபத்து ஏற்பட்டது. சேதமடைந்த பகுதிகளைக் கழற்றி அகற்ற அனுப்பப்பட்ட அமெரிக்கக் கடற்படைக் குழுவுக்கு 28 வயது கார்ட்டர் பொறுப்பாக இருந்தார். கதிர்வீச்சு கடுமையாக இருந்ததால் ஒருவர் உள்ளே நிற்கக்கூடிய நேரம் ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் மட்டும். ஆகவே அருகிலிருந்த டென்னிஸ் மைதானத்தில் உலையின் மாதிரி ஒன்றை அமைத்து, எந்த ஆணியை யார் கழற்றுவது என்று திரும்பத் திரும்பப் பயிற்சி எடுத்தார்கள். பிறகு சிறு சிறு குழுக்களாக உள்ளே ஓடி, சில ஆணிகளைக் கழற்றிவிட்டு வெளியே ஓடிவந்தார்கள். கார்ட்டரும் உள்ளே இறங்கியவர்களில் ஒருவர். எப்படியாவது செய்துவிடலாம் என்று இறங்காமல், முன்கூட்டியே திட்டமிட்டு, தன் கையாலும் செய்யும் பழக்கம் அவருக்குக் கடற்படை கொடுத்த சொத்து. அவருடைய பிற்கால வேலைகள் எல்லாவற்றிலும் இதைக் காணலாம்.

இப்படிப்பட்ட எதிர்காலம் உள்ள ஓர் அதிகாரி 1953 ஒக்டோபரில் பதவி விலகினார்.

காரணம் அவருடைய தந்தையின் மரணம். அந்த வருடம் ஜூலையில் ஏர்ல் கார்ட்டர் புற்றுநோயால் இறந்தார். விடுமுறை எடுத்து வந்த மகன் தந்தையின் கட்டிலருகே இருந்தார். அந்த நாட்களில் கறுப்பர், வெள்ளையர் என்று ஊரே அந்த வீட்டுக்கு வந்து போனது. சிலர் சாப்பாடு கொண்டுவந்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொன்னார்கள். கடனைத் திருப்பிக் கேட்காமல் விட்டதையும், பாடசாலை விடுகை விழாவுக்கு உடுப்பில்லாத பிள்ளைகளுக்கு யாருக்கும் தெரியாமல் உடுப்பு வாங்கிக் கொடுத்ததையும் அப்போதுதான் மகன் கேள்விப்பட்டார். தந்தை இனப் பிரிவினையை ஏற்றுக்கொண்டிருந்தவர்தான். ஆனாலும் அந்த ஊரின் எத்தனையோ வீடுகள் அவரைச் சார்ந்திருந்தன.

நான் கடற்படைத் தளபதியாகவே ஆனாலும், நான் இறந்தால் இத்தனை பேருடைய வாழ்க்கையில் ஒரு வெற்றிடம் விழுமா? கார்ட்டரைத் திருப்பிய கேள்வி இதுதான் என்று அவரே பிற்காலத்தில் பல தடவை விளக்கியிருக்கிறார்.

மனைவிக்கு இந்த முடிவில் துளியும் விருப்பமில்லை. ஊருக்குத் திரும்பும் பயணத்தில் கணவனோடு பேசவே மறுத்தார். பிளெய்ன்ஸில் அவர்களுக்குக் கிடைத்தது குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசாங்க வீடு. 1954இல் வரட்சி. முதல் வருட இலாபம் மிகச் சொற்பம். கச்சான் மூட்டைகளைத் தோளில் சுமந்தார், விதை விற்றார், கணக்கு வழக்குகளை ரொசலின் பார்த்துக்கொண்டார்.

அதே நேரத்தில் ஊர் வேலைகளில் இறங்கினார். தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு ஆசிரியர், சாரணர் பொறுப்பாளர், நூலகச் சபை, வைத்தியசாலை அதிகார சபை, மாவட்டக் கல்விச் சபை, லயன்ஸ் கழகம். இதில் எந்தப் பதவியும் பத்திரிகையில் தலைப்பாக வரக்கூடியதல்ல. கூட்டம் நடத்துவது, காசு சேர்ப்பது, வராதவர்களைத் தேடிப்போய் அழைத்து வருவது போன்ற வேலைகள். லயன்ஸ் கழகத்தில் சாதாரண அங்கத்தவராகச் சேர்ந்து, 1960களின் கடைசியில் தென்மேற்கு ஜோர்ஜியாவுக்கான மாவட்ட ஆளுநர் வரை உயர்ந்தார். ஊர் ஊராகப் போய் மக்களோடு பேசிப் பழகியது அங்கேதான்.

லயன்ஸ் நமக்குப் புதிதல்ல. இலவசக் கண் பரிசோதனை, மூக்குக்கண்ணாடி என்று நம்முடைய நகரங்களிலும் அவர்களுடைய பதாகையைக் காண்கிறோம். 1917இல் சிகாகோவில் தொடங்கிய இயக்கம் அது. 1925இல் ஹெலன் கெல்லர் அவர்களுடைய மாநாட்டுக்கு வந்து, பார்வையற்றோருக்காகப் போராடும்படி கேட்டுக்கொண்டார். அன்றிலிருந்து கண் அவர்களுடைய பிரதான பணியாகிவிட்டது. நம் நாட்டைச் சேர்ந்த மகேந்திர அமரசூரிய 2007-2008 காலப்பகுதியில் அந்த இயக்கத்தின் சர்வதேசத் தலைவராக இருந்தார்.

ஆனால் ஊர் வேலை செய்பவனுக்கு ஊரே சோதனையாக வரும் நாளும் உண்டு.

1954இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் பாடசாலைகளில் கறுப்பு, வெள்ளைப் பிரிவினை செல்லாது என்று தீர்ப்பளித்தது. தென் மாநிலங்கள் கொதித்தன. 'வெள்ளைப் பிரஜைகள் சபை' என்ற பெயரில் ஊருக்கு ஊர் அமைப்புகள் முளைத்தன. பிளெய்ன்ஸிலும் முளைத்தது. கார்ட்டரைச் சேரச் சொன்னார்கள், மறுத்தார். ஊரில் உன்னைத் தவிர எல்லா வெள்ளை ஆண்களும் சேர்ந்துவிட்டார்கள் என்று மறுபடியும் வந்தார்கள். மூன்றாவது தடவை அவருடைய வாடிக்கையாளர்களே கூட்டமாக வந்து, அங்கத்துவப் பணம் ஐந்து டொலரை நாங்களே கட்டுகிறோம், சேர்ந்தால் போதும் என்றார்கள். அப்போதும் மறுத்தார். அவருடைய கடையைப் புறக்கணித்தார்கள். சில காலம் வியாபாரம் அடிபட்டது.

இதை வாசிக்கும்போது 2019 ஏப்ரலுக்குப் பிந்திய மாதங்கள் நமக்கு ஞாபகம் வராமல் இருக்காது. நம்மவர்களின் கடைகளுக்குப் போகாதீர்கள் என்ற பதிவுகள் கைபேசிக்குக் கைபேசி பரவிய நாட்கள் அவை. அந்தச் சூழலிலும் வழமை போல நம் கடைக்கு வந்து சாமான் வாங்கிய சிங்கள, தமிழ் அயலவர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டிலும் தெருவிலும் எத்தனை பேச்சுக் கேட்டிருப்பார்கள் என்று நாம் யோசித்ததுண்டா? தன் ஆட்களுக்கு நடுவே இருந்துகொண்டு, தன் ஆட்களிடம் முடியாது என்று சொல்வது எவ்வளவு பாரமான காரியம் என்பதை அந்த அயலவர்கள் அறிவார்கள்.

1965இல் பிளெய்ன்ஸ் தேவாலயத்தில் கறுப்பின மக்களை வழிபாட்டுக்கு அனுமதிப்பதா என்று வாக்கெடுப்பு நடந்தது. அனுமதிக்கக் கூடாது என்று பெரும்பான்மை எழுந்து நின்றது. அனுமதிக்க வேண்டும் என்று நின்றவர்கள் கார்ட்டர் குடும்பத்தினரும் இன்னும் ஒருவரும்தான். தோற்றார்கள். அதற்காகக் கார்ட்டர் ஊரை விட்டுப் போகவுமில்லை, கோபித்துக்கொண்டு ஒதுங்கவுமில்லை.

ஓர் ஆசிரியராக எனக்கு முக்கியமாகப் பட்ட இன்னொரு விடயம். கல்விச் சபை உறுப்பினராகச் சில மாதங்கள் கழிந்த பிறகுதான், வெள்ளைப் பிள்ளைகள் பஸ்ஸில் போவதும் கறுப்புப் பிள்ளைகள் நடந்து போவதும் தனக்கு உறைத்தது என்று அவர் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே பாதையில் சிறு வயதிலிருந்து போய் வந்தவர், கண்ணுக்கு முன்னால் நடந்ததைக் காணவில்லை. பிறகு சபை உறுப்பினர்களை எல்லாப் பாடசாலைகளுக்கும் நேரில் போய்ப் பார்க்க வைத்தார். வெள்ளைப் பிள்ளைகள் பாவித்துக் கழித்த புத்தகங்கள் கறுப்புப் பிள்ளைகளிடம் இருந்தன. ஒரு குழுவில் அங்கத்தவராவது இலகு. அந்தக் குழு யாரைப் பார்க்கத் தவறுகிறது என்று கேட்பதுதான் கஷ்டம்.

அவரை மலக்காகக் காட்டுவது என் நோக்கமல்ல. 1970இல் ஆளுநர் தேர்தலில் வெல்வதற்காகப் பிரிவினைவாதிகளின் வாக்குகளுக்கு அவர் வலைவீசினார். வென்று பதவியேற்ற அன்றே, இனப் பாகுபாட்டின் காலம் முடிந்துவிட்டது என்று அறிவித்து அவர்களை அதிர வைத்தார். ஜனாதிபதியாக ஈரானின் ஷாவைத் தாங்கிப் பிடித்தார். 1978இல் கேம்ப் டேவிட்டில் எகிப்துக்குச் சினாய் திரும்பக் கிடைக்க வழி பிறந்தது. பலஸ்தீனர்களுக்குச் சொல்லப்பட்ட சுயாட்சி கடதாசியிலேயே நின்றது. இவையெல்லாம் அவருடைய கணக்கில் உள்ளவை.

அதே மனிதர் 2006இல், 82 வயதில், பலஸ்தீன நிலங்களில் நடப்பதை இனவொதுக்கல் என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துப் புத்தகமாக எழுதினார். கடும் எதிர்ப்பு வந்தது. அவர் நிறுவிய கார்ட்டர் நிலையத்தின் ஆலோசகர்களில் 14 பேர் ஒரே நேரத்தில் விலகினார்கள். அவர் சொல்லை மாற்றவில்லை. 2009இல் காஸாவுக்கும் நேரில் போனார். பிளெய்ன்ஸில் ஐந்து டொலரை வாங்க மறுத்த அதே பிடிவாதம்தான்.

1980 தேர்தலில் படுதோல்வி. 56 வயதில் ஊர் திரும்பியபோது கச்சான் வியாபாரம் பெரும் கடனில் இருந்தது, அதை விற்க வேண்டி வந்தது. பெரிய கம்பனிகளின் சபைகளில் அமர்ந்து சம்பாதிக்கும் வழி இருந்தும் அதை நாடவில்லை. 1961இல் கட்டிய அதே சாதாரண வீட்டுக்குத் திரும்பினார். 1982இல் ரொசலினோடு சேர்ந்து கார்ட்டர் நிலையத்தைத் தொடங்கினார்.

அந்த நிலையம் கையில் எடுத்த வேலைகளில் ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். தமிழில் நரம்புச் சிலந்தி என்று அழைக்கப்படும் நோய். இப்னு ஸீனா தன் மருத்துவ நூலில் இதை மதீனாவின் பெயரோடு சேர்த்து விவரித்திருக்கிறார். இன்றும் அந்தப் புழுவின் விஞ்ஞானப் பெயரில் மதீனா ஒட்டிக்கொண்டிருக்கிறது. குளத்து நீரில் வாழும் மிக நுண்ணிய நீர்த்தெள்ளுக்குள் புழுவின் குடம்பி இருக்கும். அந்த நீரைக் குடித்தவரின் உடலுக்குள் அது ஒரு வருடம் அளவில் வளர்ந்து, ஒரு மீற்றர் வரை நீண்டு, பெரும்பாலும் காலில் கொப்புளம் போட்டு வெளியே வரும். நெருப்புச் சுட்டது போன்ற வேதனை. வேதனை தாங்காமல் காலைக் குளத்தில் வைத்தால், புழு ஆயிரக்கணக்கான குடம்பிகளை அந்த நீரிலேயே விட்டுவிடும். நோய் இன்னொரு சுற்றுச் சுற்றும். தடுப்பூசி இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. ஒரு குச்சியில் சுற்றிச் சுற்றி, நாளுக்குச் சில சென்ரிமீற்றராக, வாரக்கணக்கில் இழுத்து எடுக்க வேண்டும்.

1986இல் இந்த நோய் 21 நாடுகளில், வருடத்துக்கு 35 இலட்சம் பேரைப் பிடித்திருந்தது. 1988இல் கார்ட்டர் கானாவின் ஒரு கிராமத்துக்குப் போனார். ஓர் இளம் பெண் குழந்தையை அணைத்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து அருகே போனார். குழந்தை இல்லை. வீங்கிப் போன தன் மார்பை அவள் தாங்கிக்கொண்டு நின்றாள், அதிலிருந்து புழு வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை அவர் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

தீர்வு என்ன? குடிநீரைத் துணியால் வடிப்பது. கழுத்தில் தொங்கவிடும் குழாய் வடிகட்டி. நோயாளியைக் குளத்தில் இறங்க விடாமல் பார்த்துக்கொள்வது. நம் ஊரில் டெங்கு நுளம்புக் குடம்பிக்குப் போடும் அபேட் மருந்தைக் குளத்தில் அளவாகக் கலப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு தொண்டர் வீடு வீடாகப் போய் விளக்கம் சொல்வது. பெரிய விஞ்ஞானம் எதுவுமில்லை. சங்க வேலைதான். சோக் ரிவரில் ஆணி ஆணியாகக் கழற்றியது போல, கிராமம் கிராமமாகக் கழற்றினார்கள். பாகிஸ்தானில் 1993இலும் இந்தியாவில் 1996இலும் கடைசி நோயாளிகள் பதிவானார்கள்.

சூடானில் உள்நாட்டுப் போர் தடையாக நின்றது. 1995இல் கார்ட்டர் இரு தரப்போடும் பேசி, தொண்டர்கள் கிராமங்களுக்குள் போவதற்காகப் போர்நிறுத்தம் பெற்றார். இரண்டு மாதத்துக்கு என்று தொடங்கியது ஏறத்தாழ ஆறு மாதங்கள் நீடித்தது. நம் நாட்டிலும் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காகத் துப்பாக்கிகள் ஓய்ந்திருந்ததை வடக்கு, கிழக்கில் வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2024இல் உலகம் முழுவதிலும் பதிவான நரம்புச் சிலந்தி நோயாளிகள் 15 பேர். 35 இலட்சம் எங்கே, 15 எங்கே! 2015இல் தனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது, கடைசிப் புழு எனக்கு முன்னால் சாக வேண்டும் என்று கார்ட்டர் சொன்னார். அந்த ஆசை முற்றாக நிறைவேறவில்லை, வேலை இன்னும் நடக்கிறது. தண்ணீர் கொடுப்பதை மிகச் சிறந்த ஸதகாவாகக் கருதி, மௌத்தானவர்களின் பெயரால் கிணறு கட்டிக் கொடுக்கும் சமூகம் நாம். சுத்தமான தண்ணீருக்காக ஒரு மனிதர் நாற்பது வருடங்கள் அளவில் உழைத்ததன் பெறுமதி நமக்குப் புரியாமல் போகாது.

லயன்ஸ் உறவும் அறுந்துவிடவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்து அவருடைய நிலையமும் லயன்ஸ் இயக்கமும் சேர்ந்து ஆற்றுக் குருடு என்னும் நோய்க்கு எதிராக ஆபிரிக்காவிலும் இலத்தீன் அமெரிக்காவிலும் வேலை செய்தன. 2013இல் கொலம்பியாவும், அதைத் தொடர்ந்து எக்குவடோர், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகியனவும் அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டன. ஒரு கிராமத்துக் கழகத்தில் பழகிய மனிதர்களின் கூட்டு எதுவரை போனது பாருங்கள்.

இன்னொன்று, வீடு கட்டுவது. 1984இலிருந்து வருடத்தில் ஒரு வாரம் கார்ட்டரும் ரொசலினும் ஹெபிடட் அமைப்பின் தொண்டர்களோடு சேர்ந்து ஏழைகளுக்கு வீடு கட்டப் போனார்கள். நாடா வெட்டிப் படம் எடுத்துவிட்டுத் திரும்பும் வகையல்ல, சுத்தியலும் வாளும் பிடிக்கும் வேலை. அவர்கள் கைபட்ட வீடுகள் 14 நாடுகளில் 4,000க்கும் அதிகம். 2019 ஒக்டோபரில், 95 வயதில், விழுந்து நெற்றியில் 14 தையல் போட்டிருந்த நிலையில் நாஷ்வில் நகருக்குப் போய் வேலைத்தளத்தில் நின்றார். ஊர்த் தேவாலயத்தில் புல் வெட்டுவதும் அவர் முறைக்கு வரும்போது அவருடைய வேலைதான்.

2023 நவம்பரில் ரொசலின் இறந்தார். பதின்மூன்று மாதங்களின் பின் கார்ட்டர் இறந்தார். வொஷிங்டனில் அரச மரியாதை நடந்தது. பிளெய்ன்ஸில் கடற்படை விமானங்கள் வானில் அணிவகுத்துப் பறந்தன. அவர் பெயரில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் 2005இலிருந்து சேவையில் இருக்கிறது. ஆனால் அடக்கம் செய்யப்பட்டது அவருடைய வீட்டு வளவில், மனைவிக்குப் பக்கத்தில்.

நம் ஊரிலும் இப்படி ஆட்கள் இருக்கிறார்கள். படையிலோ, பொலிஸிலோ, துறைமுகத்திலோ, வெளிநாட்டிலோ காலத்தைக் கழித்துவிட்டு ஊர் திரும்பி, ஜனாஸா வீட்டுக்குக் கதிரை போடுவதிலிருந்து பாடசாலை மதில் கட்டுவது வரை முன்னுக்கு நிற்பவர்கள். மேடையில் அவர்களுடைய பெயர் சொல்லப்படாது. அவர்களில் யாராவது ஒருநாள் கூட்டத்தில் எழுந்து, நாம் செய்வது பிழை என்று சொன்னால், அவருடைய வாயை அடைக்காமல் கேட்பதும் ஊரின் கடமைதான்.

நம்முடைய சங்கங்களில் தலைவர், செயலாளர் பதவிக்கு வரும் போட்டி, வேலைக்கு வருவதில்லை. நிர்வாகத் தெரிவு வந்தால் கூட்டம் நிரம்பும், சிரமதானம் வந்தால் நாலு பேர். அடுத்த கூட்டத்தில் நமக்குள் ஒரு கேள்வியைக் கேட்போம்: இந்த வருடம் நம் குழுவின் கண்ணில் படாமல் நடந்து போன பிள்ளை யார்?

1953இல் ஏர்ல் கார்ட்டரின் வீட்டுக்கு வந்தவர்கள் அவருடைய பதவியைப் பற்றிப் பேசவில்லை. உடுப்பைப் பற்றியும், கேட்காமல் விட்ட கடனைப் பற்றியும்தான் பேசினார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மகன் தன் வாழ்க்கையையே திருப்பிக்கொண்டார். நம்முடைய ஜனாஸாவுக்கு வருபவர்கள் நம் பிள்ளைகளிடம் சொல்வதற்கு ஏதாவது ஒன்றை நாமும் விட்டுவிட்டுப் போக அல்லாஹ் அருள்புரிவானாக.